சேவையக ஹார்ட் டிரைவ்: சுழலத் தொடங்குவதிலிருந்து கேஷ் வரை, முழுமையான வழிகாட்டி

சிறிய அலுவலகம் ஒன்றில் நான்கு முதல் எட்டு என்டர்பிரைஸ் (சேவையகங்களுக்கென்றே செய்த) ஹார்ட் டிரைவ்களைப் பொருத்தும்போது செய்யவேண்டிய வேலைகளின் வரிசை இது. நோக்கம் இரண்டு: டிரைவ்கள் ஒவ்வொரு முறையும் ஒழுங்காகத் தொடங்கவேண்டும், "எழுதிவிட்டேன்" என்று சொன்ன தரவு கரண்ட் போனாலும் இருக்கவேண்டும்.

ஒரு டிரைவ் அதிகம் தடுமாறும் நேரங்கள் தொடக்கத்தின் முதல் அரை நிமிடமும், மின்சாரம் நிற்கும் கடைசிக் கணமும்தான். புதிதாகச் செய்பவர்கள் நேரே ரெய்டை (பல டிரைவ்களை ஒன்றாகச் சேர்க்கும் அமைப்பை) அமைத்துத் தரவை ஏற்றிவிடுகிறார்கள். ஒரு டிரைவ் காணாமற்போன பிறகுதான் பவர் கேபிளைத் திரும்பிப் பார்க்கிறார்கள். முதலில் மின்சாரம், அடுத்து தொடக்கம், அதற்குப் பிறகே கேஷ் (தரவைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்). இந்த வரிசையை மாற்றினால், பிழை எங்கே என்று கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

கையில் இருக்கவேண்டியவை: டிரைவ் மாதிரியின் தரவுத்தாள், பவர் சப்ளையின் லேபிள், வாட் அளவு தெரிந்த யுபிஎஸ், கப்டன் டேப் (சூடு தாங்கும் மெல்லிய டேப்), லினக்ஸ் ஏற்றிய ஒரு பென் டிரைவ், குறிப்பெடுக்க ஒரு தாள். தாளை விட்டுவிடாதீர்கள். பின்னால் ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய எண்கள் வேண்டும்.

1. பெட்டியைப் பிரிக்கும் முன்

டிரைவ் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் வாங்கியதோ, வெளிநாட்டிலிருந்து கூரியரில் வந்ததோ, ஏசி அறையில் கிடந்து குளிர்ந்திருக்கலாம். அதை வெளியே எடுத்தவுடன் பையைத் திறந்தால் கொழும்பின் ஈரக்காற்று குளிர்ந்த உலோகத்திலும் சர்க்யூட் போர்டிலும் நீராகப் படியும். பையை மூடியபடியே அறை வெப்பநிலைக்கு வரும்வரை சில மணி நேரம் வையுங்கள்.

லேபிளில் முதலில் பார்க்கவேண்டியது, டிரைவைக் கணினியோடு இணைக்கும் முறை சாட்டாவா, சாஸா என்பது. சாட்டா டிரைவ் சாஸ் கன்ட்ரோலரில் (டிரைவ்களை இயக்கும் கார்டில்) வேலை செய்யும்; சாஸ் டிரைவ் சாட்டா போர்ட்டில் வேலை செய்யாது. இணைப்பியைப் பார்த்தாலே விளங்கும்: சாட்டாவில் தரவுப் பகுதிக்கும் பவர் பகுதிக்கும் இடையே வெட்டு இருக்கும், சாஸில் அந்த இடம் நிரப்பப்பட்டிருக்கும்.

அடுத்தது செக்டர் அளவு, அதாவது டிரைவ் ஒரு தடவைக்கு எழுதும் மிகச் சிறிய துண்டின் அளவு. பெரிய சேமிப்புப் பெட்டிகளிலிருந்து கழற்றிய பாவித்த சாஸ் டிரைவ்கள் சில 520 பைட் செக்டருடன் வரும். கணினி டிரைவைக் காணும், ஆனால் பாவிக்க முடியாது. எஸ்ஜி ஃபார்மட் கருவியால் 512 பைட்டுக்கு மாற்றலாம். பெரிய டிரைவுக்கு இது பல மணி நேரம் எடுக்கும். இடையில் கரண்ட் போனால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். ஆகவே யுபிஎஸ்ஸும் ஜெனரேட்டரும் உள்ள இடத்தில் மட்டும் செய்யுங்கள்.

2. மின்வலுவைக் கணக்கிடுங்கள்

7200 ஆர்பிஎம் வேகமுள்ள 3.5 அங்குல டிரைவ், ஓடிக்கொண்டிருக்கும்போது பெரும்பாலும் 5 முதல் 10 வாட்தான் எடுக்கும். நின்ற தட்டுகளைச் சுழலவைக்கும் சில விநாடிகளிலோ 12 வோல்ட்டில் 2 அம்பியரை ஒட்டி இழுக்கும். எட்டு டிரைவ் ஒரே நேரத்தில் தொடங்கினால் 16 அம்பியர், அதாவது 192 வாட். எலக்ட்ரானிக் பகுதி 5 வோல்ட்டில் எடுப்பதும், மதர்போர்டும் ப்ராசஸரும் எடுப்பதும் இதற்கு மேல். பவர் சப்ளையின் மொத்த வாட்டைப் பார்த்துத் திருப்திப்படாமல், லேபிளில் 12 வோல்ட்டுக்கு எதிரே உள்ள அம்பியரைப் பாருங்கள்.

கேபிள்தான் அதிகம் கவனிக்கப்படாமல் போகும் இடம். சாட்டா பவர் இணைப்பியில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள், ஒவ்வொன்றும் 1.5 அம்பியர் தாங்கும், மொத்தம் 4.5. அதிலிருந்து நான்காகப் பிரியும் ஸ்ப்ளிட்டரைப் போட்டால் தொடக்கத்தில் 8 அம்பியர் அந்த மூன்று பின்கள் வழியே போகும். ஒரு இணைப்பியிலிருந்து இரண்டு டிரைவ்களுக்கு மேல் வேண்டாம்.

பிளாஸ்டிக்கை வார்த்து மூடிய மலிவான ஸ்ப்ளிட்டர்களை முழுதாகத் தவிருங்கள். வார்க்கும்போது உள்ளே கம்பிகள் விலகி நெருங்கி, நாளடைவில் ஒன்றோடொன்று தொட்டுத் தீப்பிடிக்கலாம். ஏற்கெனவே பாவிக்கும் கேபிளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். பின் துளையைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பாகியிருந்தாலோ, ஒரு துளை மற்றதைவிடச் சற்று விரிந்திருந்தாலோ அது சூடேறிய கேபிள். குப்பையில் போடுங்கள்.

யுபிஎஸ்ஸில் விஏ (வோல்ட்-அம்பியர்) அளவும் வாட் அளவும் வேறு. 650 விஏ என்று எழுதியது 650 வாட் தராது; பெரும்பாலும் 360 வாட்டை ஒட்டியே தரும். வாங்கும்போது வாட்டைக் கேளுங்கள்.

3. மூன்றாவது பின்

பவர் கொடுத்தும் டிரைவ் சுழலவே இல்லை, சிறு சத்தம்கூட இல்லை என்றால், டிரைவ் செத்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். புதிய என்டர்பிரைஸ் சாட்டா டிரைவ்களில் பவர் இணைப்பியின் மூன்றாவது பின் "பவர் டிஸேபிள்" வேலைக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதில் மின்னழுத்தம் இருந்தால் டிரைவ் அணைந்தே இருக்கும். பழைய பவர் சப்ளைகள் அந்தப் பின்னுக்கு 3.3 வோல்ட் கொடுக்கும். டிரைவ் சொன்னபடியே நடந்துகொள்கிறது.

தீர்வு: டிரைவின் பவர் பகுதியில் தரவு இணைப்பியை ஒட்டியிருக்கும் பின்னிலிருந்து எண்ணுங்கள். அதுவே முதலாவது. முதல் மூன்று பின்களையும் மெல்லிய கப்டன் டேப்பால் மூடினால் போதும். இந்த டிரைவ்களுக்கு 3.3 வோல்ட் தேவையில்லை. மூன்றாவதை மட்டும் மூடப் போய் நான்காவதை மூடுபவர்கள் உண்டு, அது கிரவுண்ட். சாதாரண இன்சுலேஷன் டேப் வேண்டாம். அதன் பசை சூட்டில் இளகும், டேப் நகர்ந்துவிடும்.

4. ஒன்றன்பின் ஒன்றாகச் சுழலவிடுங்கள்

இரண்டாம் படியில் கணக்கிட்ட 16 அம்பியரைக் குறைக்கும் வழி, எல்லா டிரைவ்களையும் ஒரே நேரத்தில் தொடங்கவிடாமல் இடைவெளி விடுவது. மூன்று முறைகள் இருக்கின்றன. எது உங்களிடம் உள்ளது என்று தெரியாமல் பயோஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையில்) கைவைப்பதுதான் இங்கே நடக்கும் பொதுவான தவறு.

சாட்டாவில் இதைத் தீர்மானிப்பது பவர் இணைப்பியின் 11ஆவது பின். அது கிரவுண்டில் இருந்தால் பவர் வந்தவுடன் டிரைவ் சுழலும். கிரவுண்ட் இல்லாமல் விடப்பட்டிருந்தால், கன்ட்ரோலர் தரவு வழியே தொடர்பு ஏற்படுத்தும்வரை காத்திருக்கும். சாதாரண பவர் சப்ளைக் கேபிளில் இந்தப் பின் கிரவுண்டில்தான் இருக்கும். அதனால் பயோஸில் இடைவெளியை அமைத்துவிட்டு, "ஏன் எல்லாம் ஒன்றாகத் தொடங்குகின்றன?" என்று தலையைப் பிய்த்துக்கொள்ளவேண்டாம். இதற்கு ஏற்றபடி செய்யப்பட்ட பேக்பிளேன் (டிரைவ்களைச் செருகும் பலகை) வேண்டும்.

சாஸ் டிரைவ் இயல்பாகவே காத்திருக்கும். கன்ட்ரோலரோ, அதில் பல டிரைவ்களை இணைக்க உதவும் எக்ஸ்பாண்டரோ "சுழலலாம்" என்ற அறிவிப்பை அனுப்பவேண்டும். கன்ட்ரோலரின் அமைப்புத் திரையில் ஒரு தடவைக்கு எத்தனை டிரைவ், எத்தனை விநாடி இடைவெளி என்று கேட்கும். இரண்டு டிரைவ், ஆறு விநாடி என்று தொடங்குங்கள். அப்போது முதல் இரண்டும் உச்ச மின்னோட்டத்தைத் தாண்டிய பின்னரே அடுத்த இரண்டும் இழுக்கத் தொடங்கும்.

மூன்றாவது, சாட்டா டிரைவிலேயே எழுதிவைக்கும் "பவர் அப் இன் ஸ்டாண்ட்பை" அமைப்பு. இதைப் பரிந்துரைக்க மாட்டோம். பல பயோஸ்களும் யுஎஸ்பி டொக்குகளும் இப்படி உறங்கும் டிரைவை எழுப்பத் தெரியாதவை. டிரைவை வேறு கணினிக்கு மாற்றிய அன்று அது இருப்பதே தெரியாமல் போகும்.

5. தொடக்கத்தைக் கேளுங்கள், பிறகு படியுங்கள்

பவர் வந்ததும் டிரைவ் தன் ஃப்ளாஷ் சிப்பிலுள்ள சிறு நிரலை ஓட்டும். மோட்டார் வேகமெடுக்கும். இந்த நேரம் தலைகள் தட்டுக்கு வெளியே சாய்தளத்தில் நிற்கும். முழு வேகம் வந்த பின்னரே அவை தட்டின் மேல் இறங்கும். இறங்கியதும் தட்டிலேயே ஒதுக்கப்பட்ட பகுதியிலிருந்து மீதி ஃபர்ம்வேரையும் பழுதான இடங்களின் பட்டியலையும் வாசிக்கும். இதெல்லாம் முடிந்து "தயார்" என்று சொல்ல 20 முதல் 30 விநாடி ஆவது வழமை.

இந்த வரிசையைக் காதால் பின்தொடரலாம். ஏறும் இரைச்சல், ஒரு சிறு 'டக்', பிறகு சில விநாடி பொருபொருவென்ற சத்தம். 'டக்' ஒரே சீராகத் திரும்பத் திரும்பக் கேட்டு இறுதியில் மோட்டார் நின்றால், தலை தட்டைப் படிக்க முடியாமல் திணறுகிறது. அந்த டிரைவை மேலும் மேலும் ஒன் பண்ணிப் பார்க்காதீர்கள். முன்பே பாவித்த டிரைவாக இருந்து உள்ளே தரவும் இருந்தால், ஒவ்வொரு முயற்சியும் அதை மீட்கும் வாய்ப்பைக் குறைக்கும். மாறாக, ஹீலியம் வாயு நிரப்பிய சில டிரைவ்கள் சும்மா இருக்கும்போது ஐந்து விநாடிக்கு ஒருமுறை மெல்லச் சத்தமிடும். தலை ஒரே இடத்தில் நிற்காமல் இருப்பதற்கான அசைவு அது, பழுது இல்லை.

சாஸ் டிரைவ் தயாராகவில்லை என்றால் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) பதிவில் மூன்று எண் கொண்ட குறியீடு வரும். 02/04/01 என்றால் தொடங்கிக்கொண்டிருக்கிறது, பொறுங்கள். 02/04/02 என்றால் தொடக்கக் கட்டளைக்குக் காத்திருக்கிறது. 02/04/11 என்றால் கன்ட்ரோலரின் அறிவிப்பு வரவில்லை. நாலாம் படியில் செய்ததைத் திரும்பப் பாருங்கள்.

இப்போது, டிரைவின் உள்நிலையைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் கருவியால் எண்களை எடுத்துத் தாளில் எழுதுங்கள். சாட்டாவில் 4 (தொடங்கி நின்ற எண்ணிக்கை), 10 (சுழல மறுமுயற்சி), 12 (பவர் சுழற்சி), 192 (அவசரமாகத் தலையை இழுத்தது), 193 (தலை ஏறி இறங்கியது). பத்தாவதன் மூல எண் பூச்சியமாக இருக்கவேண்டும். ஒன்று என்று வந்தால்கூட முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள், பிறகு டிரைவை. சாஸில் இந்த வரிசை எண்கள் இல்லை. தொடங்கி நின்ற எண்ணிக்கையும் புதிதாகச் சேர்ந்த பழுதுப் பட்டியலின் நீளமும் தனித்தனி வரிகளாக வரும்.

6. கேஷை யார் காவல் காப்பது என்று முடிவெடுங்கள்

பெட்டியில் 256 அல்லது 512 மெகாபைட் கேஷ் என்று போட்டிருப்பது டிரைவுக்குள் இருக்கும் டிரேம், பவர் போனால் அழியும் நினைவகம். அது முழுதும் எழுதக் காத்திருக்கும் தரவுக்கு அல்ல. முன்கூட்டி வாசித்த தரவும் டிரைவின் உள்வேலைகளும் அதிலேயே இடம் பிடிக்கும்.

ரைட் கேஷ் (எழுதும் தரவுக்கான கேஷ்) ஒன் ஆக இருந்தால், தரவு டிரேமுக்கு வந்தவுடன் "எழுதிவிட்டேன்" என்று டிரைவ் பதில் சொல்லும். தட்டில் இன்னும் எழுதியிருக்காது. அந்த இடைவெளியில் கரண்ட் போனால் தரவு இல்லை. ஓப்பரேட்டிங் சிஸ்டம் முக்கியமான இடங்களில் "ஃப்ளஷ்" கட்டளையை அனுப்பி, இதுவரை கொடுத்ததையெல்லாம் தட்டில் எழுதும்வரை காத்திருக்கும். ஆகவே கேட்கவேண்டியது "ரைட் கேஷ் ஆபத்தா?" என்பதல்ல, "ஃப்ளஷ் கட்டளை டிரைவ் வரை போய்ச் சேர்கிறதா?" என்பதே.

போய்ச் சேர்கிறது என்றால் ஒன் ஆகவே விடுங்கள். சாதாரண கன்ட்ரோலரில் நேரடியாக இணைத்து ஸெட்எஃப்எஸ், எக்ஸ்எஃப்எஸ், ஈஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறைமைகளைப் பாவித்தால் அப்படித்தான். ஈஎக்ஸ்டி4இல் யாராவது வேகத்துக்காக "நோபாரியர்" என்று மவுண்ட் தெரிவில் (டிஸ்க்கைப் பாவனைக்கு இணைக்கும்போது கொடுக்கும் அமைப்பில்) எழுதிவைத்திருந்தால் அதை எடுத்துவிடுங்கள். அது ஃப்ளஷையே நிறுத்தும்.

பேட்டரி அல்லது ஃப்ளாஷ் காப்புள்ள ரெய்ட் கார்டின் பின்னால் இருந்தால் டிரைவின் கேஷை ஓஃப் செய்யுங்கள். கார்டு தன் நினைவகத்தை நம்பி ஃப்ளஷுக்குத் தானே பதில் சொல்லிவிடும்; டிரைவுக்குக் கட்டளை போகாமல் இருக்கலாம். கார்டின் பேட்டரி கார்டின் நினைவகத்தைத்தான் காக்கும், டிரைவின் டிரேமை அல்ல. இந்த ஒரு வேறுபாட்டை விளங்கிக்கொள்ளாததால் போன தரவு ஏராளம்.

யுஎஸ்பி பெட்டிகளில் சில ஃப்ளஷை விழுங்கிவிடும். மெய்நிகர் கணினிகளில் டிஸ்க் கேஷ் "அன்சேஃப்" என்று இருந்தால் அதே கதைதான்.

7. மாற்றும்போது கெர்னலுக்கும் தெரியவேண்டும்

எச்டிபார்ம் கருவியில் பெரிய எழுத்து டபிள்யூ தெரிவு சாட்டா டிரைவின் ரைட் கேஷ் நிலையைக் காட்டும், மாற்றும். சாஸில் எஸ்டிபார்ம் கருவியும் அதன் டபிள்யூசிஈ என்ற பிட்டும். சேர்வர்களிலிருந்து கழற்றிய சாஸ் டிரைவ்கள் பெரும்பாலும் ரைட் கேஷ் ஓஃப் ஆகவே வரும். எட்டில் ஒன்று மட்டும் ஓஃப் ஆக இருந்தால், முழு ரெய்டும் அதன் வேகத்துக்கு இறங்கும். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

சாஸில் சேமிக்கும் தெரிவைக் கொடுத்தால் அமைப்பு டிரைவிலேயே தங்கும். சாட்டாவில் பல மாதிரிகள் பவர் போய் வந்ததும் பழைய நிலைக்குத் திரும்பும். அதனால் தொடக்கத்தில் தானாக ஓடும் யூடெவ் விதி (டிரைவைக் கண்டதும் லினக்ஸ் பின்பற்றும் விதி) ஒன்று எழுதவேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, அதைப் பலர் அறிவதில்லை. டிரைவைக் கண்ட நேரத்திலேயே கெர்னல் அதன் கேஷ் நிலையைப் படித்து நினைவில் வைத்துக்கொள்ளும். ஓஃப் என்று படித்திருந்தால் ஃப்ளஷ் அனுப்பவே அனுப்பாது, தேவையில்லை என்று கருதி. அதற்குப் பிறகு எச்டிபார்மால் கேஷை ஒன் செய்தால், டிரைவ் டிரேமில் வைத்துக்கொண்டு பதில் சொல்லும், கெர்னல் ஃப்ளஷ் அனுப்பாது. இரண்டில் ஒன்றும் காவல் இல்லை. லினக்ஸின் சிஸ் (/sys) அடைவில் ஸ்கஸி டிஸ்க் பகுதியில், அந்த டிரைவுக்குரிய "கேஷ் டைப்" கோப்பில் எழுதி மாற்றினால் டிரைவும் கெர்னலும் ஒரே நிலைக்கு வரும். வேறு கருவியால் மாற்றினால், டிரைவை மறுபடி ஸ்கேன் செய்யவைத்து அந்தக் கோப்பைத் திறந்து உறுதிப்படுத்துங்கள்.

ஒரு எளிய கணக்கு உண்மையைக் காட்டிக்கொடுக்கும். 7200 ஆர்பிஎம் தட்டு ஒரு சுற்றுக்கு 8.33 மில்லிவிநாடி எடுக்கும். ஒரே இடத்தில் எழுதி ஒவ்வொரு முறையும் ஃப்ளஷ் செய்தால் விநாடிக்கு 120ஐத் தாண்ட வழியில்லை. போஸ்ட்கிரெஸ் தரவுத்தள மென்பொருளுடன் வரும் எஃப்சிங்க் (கோப்பைத் தட்டில் எழுதி முடிக்கக் கேட்கும் கட்டளை) சோதனைக் கருவி ஆயிரக்கணக்கில் காட்டினால் இடையில் யாரோ பொய் சொல்கிறார்கள். கரண்ட் போனாலும் அழியாத கேஷ் கொண்ட ரெய்ட் கார்டும் அத்தகைய டிரைவ் மாதிரிகளும் மட்டும் இதற்கு விலக்கு.

8. தட்டிலேயே இருக்கும் கேஷ்

சில என்டர்பிரைஸ் மாதிரிகள் சிதறி வரும் சிறு தரவுத் துண்டுகளைத் தட்டின் ஒதுக்கிய பகுதியில் வரிசையாக எழுதிவைத்து, ஓய்வுநேரத்தில் உரிய இடத்துக்கு நகர்த்தும். ரைட் கேஷ் ஓஃப் ஆக இருந்தும் இவை வேகமாக இருப்பது இதனால்தான். இதன் விளைவு இரண்டு. வேலை முடிந்த பின்னும் டிரைவ் சத்தமிடும், பயப்படவேண்டாம். ஐந்து நிமிட வேகச் சோதனை ஏமாற்றும். ஒதுக்கிய பகுதி நிரம்பும்வரை ஓடவிட்டால்தான் உண்மையான வேகம் தெரியும்.

கணினிக்கு 512 என்று காட்டி, உள்ளே 4096 பைட் செக்டர் கொண்ட டிரைவில் பார்ட்டிஷன் 1 மெபிபைட்டில் தொடங்கட்டும். தவறினால் சிறு துண்டு ஒவ்வொன்றையும் எழுத டிரைவ் பழையதை வாசித்து, ஒரு சுற்றுக் காத்திருந்து, திரும்ப எழுதவேண்டும்.

9. நிறுத்தும் வரிசை

ஒழுங்கான நிறுத்தத்தில் முதலில் ஃப்ளஷ், பிறகு தலைகள் சாய்தளத்துக்கு, பிறகு மோட்டார் ஓய்வு, கடைசியில் பவர். திடீரென்று பவர் போனால், சுழன்றுகொண்டிருக்கும் தட்டின் வேகத்தாலேயே மோட்டார் சிறு ஜெனரேட்டராக மாறி, அந்த மின்சாரத்தில் தலைகள் பாதுகாப்பாக இழுக்கப்படும். பெரும்பாலான டிரைவ்களில் அந்தச் சக்தி தலையைக் காப்பாற்றத்தான். டிரேமிலுள்ள தரவைக் காப்பாற்ற அல்ல.

ஐந்தாம் படியில் எழுதிய 192ஐ எடுங்கள். கணினியை முறையாக ஷட்டவுன் செய்து திரும்பத் தொடங்குங்கள். 192 ஒன்று கூடியிருந்தால், முறையாக நிறுத்தினோம் என்று நீங்கள் நினைத்தாலும் டிரைவுக்கு அது கரண்ட் வெட்டாகத் தெரிந்திருக்கலாம். கன்ட்ரோலர் அல்லது யுஎஸ்பி பாலம் (யுஎஸ்பி பெட்டியிலுள்ள இணைப்புச் சிப்) ஓய்வுக் கட்டளையைக் கடத்தாமல் விட்டிருக்கலாம்.

கொழும்பின் அடுக்குமாடிக் கட்டடங்களில் ஒரு மின்வெட்டு உண்மையில் இரண்டு வெட்டு. கரண்ட் போய் ஜெனரேட்டர் வரும்வரை ஒன்று, மின்சார சபைக் கரண்டுக்குத் திரும்ப மாறும்போது இன்னொன்று. யுபிஎஸ் இரண்டையும் தாங்கவேண்டும். ஜெனரேட்டரின் அதிர்வெண் சற்று ஆடினால் சில யுபிஎஸ்கள் அதை ஏற்க மறுத்து, வெளிச்சம் எரியும் அறையிலேயே பேட்டரியில் ஓடி அணைந்துபோகும். ஜெனரேட்டர் சோதனை நாளில் யுபிஎஸ் திரையின் முன்னால் நின்று பாருங்கள்.

கரண்ட் திரும்பி வந்ததும் கணினி தானாக ஒன் ஆகும்படி பயோஸில் வைக்காதீர்கள். வந்த கரண்ட் சில நிமிடத்தில் மறுபடி போகலாம், யுபிஎஸ் பேட்டரியோ காலியாக இருக்கும். அதிக மின்னோட்டம் இழுக்கும் தொடக்கம் அந்தப் பலவீனமான நேரத்தில் நடக்கும். யுபிஎஸ்ஸைக் கண்காணிக்கும் மென்பொருளில், பேட்டரி குறைந்தது பாதி நிரம்பிய பிறகு தொடங்கும்படி அமையுங்கள்.

அலுவலகம் மூடியதும் ஏசி ஓஃப் ஆகும் இடமென்றால் இரவு வெப்பநிலையையும் ஒருநாள் பதிவுசெய்யுங்கள். பல என்டர்பிரைஸ் டிரைவ்களின் எல்லை 60 பாகை செல்சியஸ். மூடிய அலுமாரியில் அதை நெருங்குவது பெரிய விஷயமல்ல. மின்சாரம் மிச்சம் பிடிக்க 20 நிமிடத்துக்கு ஒருமுறை டிரைவை உறங்கவைக்கும் அமைப்பும் வேண்டாம். உறங்கி எழும் ஒவ்வொரு தடவையும் இரண்டாம் படியின் 2 அம்பியர்தான்.

10. தரவை ஏற்றும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள்

இதுவரை செய்ததெல்லாம் சரியா என்று காட்டும் சோதனை இது மட்டுமே. சிறு நிரல் ஒன்று 1, 2, 3 என்று எண்களைக் கோப்பில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எஃப்சிங்க் செய்து, பதில் வந்த பின்னரே அந்த எண்ணை வலையமைப்பு வழியே இன்னொரு கணினிக்கு அனுப்பட்டும். குறிப்பை அதே கணினியில் வைத்தால் அதுவும் சேர்ந்து போகும்.

நிரல் ஓடும்போது, யுபிஎஸ்ஸிலிருந்து கணினிக்குப் போகும் பிளக்கைப் பிடுங்குங்கள். அரை நிமிடம் பொறுங்கள். தட்டுகள் நிற்கும்வரை பெட்டியை அசைக்கவேண்டாம். திரும்பத் தொடங்கி, மற்றக் கணினியில் பதிவான கடைசி எண் கோப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். கோப்பில் அதைவிட ஒன்று கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. பத்துத் தடவை செய்யுங்கள்.

ஒரு தடவை ஓர் எண் குறைந்தாலும் ஏழாம் படிக்குத் திரும்பி கெர்னலின் கேஷ் டைப்பைப் பாருங்கள். அது சரியென்றால் மவுண்ட் தெரிவு, அதுவும் சரியென்றால் கார்டு அல்லது பாலம். பிழை எதில் என்று தெரியும்வரை, அந்தப் பெட்டியில் கணக்குக் கோப்பு ஒன்றைக்கூட வைக்காதீர்கள்.